நுரைத்த கல்லும் கொழும்புக்குப் போகாத பெட்டியும்

சென்ற மாதம் தர்ஷிகா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு யாழ்ப்பாணத்துக் கனிய ஆய்வுகூடத்தில் என் கதிரையில் வந்து அமர்ந்தவள் அவள். கெட்டிக்காரி, ஆனால் எதையும் துடைத்துத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்ற வியாதி உண்டு.

"மிஸ், புது மிஷின் வந்திட்டுது. துவக்கு மாதிரிக் கையிலை பிடிச்சுக் கல்லிலை அமத்தினால் உள்ளுக்கை என்ன என்ன மூலகம் கிடக்கெண்டு காட்டும். திறந்துவைக்கப் பெரியாக்கள் வருகினம். கூடம் முழுக்கப் பெயின்ற் அடிக்கிறம்."

"நல்லது, அடியுங்கோ."

"மிஷினை வைக்க உங்கடை அந்தப் பழைய மரப்பெட்டியைத்தான் எடுத்திருக்கிறம். அதின்ரை பக்கத்திலை கறுப்பு மையாலை 'கொழும்பு' எண்டு பெரிசாக் கிடக்கு. அசிங்கமா இருக்கு மிஸ். அதுக்கு மேலை வெள்ளை அடிச்சுவிடட்டே?"

"கையை வைச்சுப் பார்!"

நான் போட்ட சத்தத்தில் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த என் கணவர் ஈரத்தோடு ஓடிவந்துவிட்டார். தர்ஷிகா மெல்லக் கேட்டாள். "ஏன் மிஸ், அந்தப் பெட்டியிலை என்ன கிடக்கு?" ஒன்றும் இல்லை. கொஞ்ச வைக்கோலைத் தவிர ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. அதுதான் விசயம். திறப்புவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று முன்பே கேட்டிருந்தாள், நானும் முழங்கால் வலி என்று சாட்டுச் சொல்லித் தப்பியிருந்தேன். இனித் தப்ப முடியாது. எழுதாவிட்டால் வெள்ளை அடித்துவிடுவாள்.

நான் படித்த கதையை நீட்டி முழக்க விருப்பமில்லை. மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் புவிச்சரிதவியல் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெட்டை. மழையில் நனைந்து, அட்டை கடித்து, சம்மட்டியோடு மலை ஏறி ஒரு பட்டம் வாங்கினேன். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைச் சனம், "கல்லுப் பொறுக்கிறதுக்கும் ஒரு பட்டமோ?" என்று கேட்டுச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கமே வேலைக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் பிழை தெரிந்தது. இந்தக் குடாநாட்டில் கல் என்றால் சுண்ணாம்புக் கல். கிணறு வெட்டினால் சுண்ணாம்புக் கல், அத்திவாரம் தோண்டினால் சுண்ணாம்புக் கல். ஆய்வுகூடத்தில் நல்ல முனைவாக்கு நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. கல்லைக் கண்ணாடி போல மெல்லிதாகத் தேய்த்து அதனடியில் வைத்தால், ஒளி அந்தக் கல்லுக்குள் எப்படி முறிகிறது என்று பார்த்து அதன் பெயரைச் சொல்லிவிடலாம். படிக்கும் காலத்தில் நான் சோறு தண்ணி மறந்து இருந்த கருவி அதுதான். இங்கே அது துணியால் போர்த்தி அலுமாரிக்குள் கிடந்தது. நான் வந்தபிறகு வாரத்தில் ஒருநாள் எடுத்துத் துடைப்பேன். பார்ப்பதற்குக் கல் வேண்டுமே!

எங்கள் பொறுப்பதிகாரியை 'சேர்' என்றே எழுதுகிறேன். அவரைப் பெயர் சொல்லி நினைத்துப் பழக்கமில்லை. அவருக்கு எல்லாம் ஒரு போத்தல் அமிலம்தான். ஆனால் அவர் அதைச் செய்யும் விதம் இருக்கிறதே, கோயிலில் பூசை பார்ப்பது மாதிரி நின்று பார்க்கலாம். லாச்சியிலிருந்து ஸ்திரிக்கை போட்ட கைலேஞ்சி ஒன்றை எடுத்து மேசையில் விரிப்பார். கல்லை அதன் நடுவில் வைப்பார். யன்னல் வெளிச்சத்துக்கு ஒருமுறை திருப்புவார், மணப்பார். பிறகு கண்ணாடி மூடியைத் திறந்து, தண்ணீர் கலந்து ஐதாக்கிய ஐதரோகுளோரிக்கமிலத்தில் இரண்டு சொட்டு விடுவார். விட்டதும் கண்ணால் பார்ப்பதில்லை, குனிந்து காதைக் கொடுப்பார். 'சொர்' என்று நுரைக்கும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி துடைத்தால் தீர்ப்பு எழுதியாயிற்று. தலைகீழாக நின்றாலும் மாறாது.

"நுரைச்சால் சுண்ணாம்பு, நுரைக்காட்டில் களிமண். உதுக்கு மேலை இஞ்சை என்ன கிடக்குப் பிள்ளை?" என்பார்.

சண்டை ஓய்ந்து தெற்குக்குப் பாதை திறந்து, கொழும்பு லொறிகள் வந்துபோகத் தொடங்கிய காலம். தலைமைக் காரியாலயத்திலிருந்து உத்தரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் நுணுக்குக்காட்டிக்கு வேலை இல்லை, அதைக் கொழும்புக்கு அனுப்பவும். சேர் மறுப்புச் சொல்லவில்லை. "சும்மா கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறதுக்கு அங்கையாவது பிரயோசனப்படட்டும்" என்று தச்சரைக் கூப்பிட்டு வேப்பம் பலகையில் ஒரு பெட்டி அடிப்பித்தார். உள்ளே வைக்கோல், வெளியே கறுப்பு மையால் 'கொழும்பு'. திங்கட்கிழமை லொறி வரும் என்றார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? அந்தக் கருவி போனால் நான் படித்த படிப்புக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. சாகும்வரை அமிலப் போத்தலுக்கு மூடி திறந்து கொடுக்கும் உத்தியோகம்தான். வீட்டில் போய் அழுதேன். அடுத்த நாள் காலை முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். விறாந்தையில் ஒரு பெண் சாக்குப் பையோடு குந்தியிருந்தார்.

குருநகரிலிருந்து வந்த திரேசம்மா. மீன் விற்பவர், குரல் அந்தத் தொழிலுக்கென்றே செய்தது. சாக்கை அவிழ்த்து மேசையில் ஒரு கல்லைத் தொம்மென்று வைத்தார்.

"மிஸ், உது எங்கடை அப்பப்பா பாய்க்கப்பலிலை போய் வந்த காலத்திலை கொண்டந்த கல்லு. தெலுங்குக் கரையிலை சாமான் இறக்கிப்போட்டு வெறுங்கப்பலா வரேக்கை, கப்பல் ஆடாமல் இருக்க அடியிலை போட்ட பாரக்கல்லாம். வீட்டு முத்தத்துச் சிலுவைக்கு அடிக்கல்லா வைச்சவை. சண்டையிலை செல் விழுந்து பிளந்து போச்சு. இப்பச் சிலுவையைத் திருப்பிக் கட்டப்போறம். மேசன் சொல்லுறான், உது உக்கல் கல்லு, எறியுங்கோ எண்டு. எறியலாமோ? உள்ளுக்கை பாருங்கோவன்!"

பார்த்தேன். வெளியே வெள்ளை, அதற்குள் கறுப்புத் தோல், பிளந்த முகத்தில் றோசாப்பூ நிறம்! சுண்ணாம்பையே பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அந்த நிறம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மங்கனீசு உள்ள கல்தான் இப்படி உள்ளே றோசாவாக இருந்து, காற்றுப்பட்ட இடத்தில் கறுக்கும். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

சேர் வந்தார். கைலேஞ்சியை விரித்தார், திருப்பினார், மணந்தார். இரண்டு சொட்டு. காதைக் கொடுத்தார். 'சொர்' என்று நன்றாகவே நுரைத்தது.

"மங்கனீசுக் காபனேற்று. ரொடோகுரோசைட்" என்று நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெதுக் கல்லு அம்மா. மேசன் சொன்னது சரி. பாரம் தாங்காது."

திரேசம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் என் காதில் ஏதோ இடறியது. அவருடைய காதுப் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது என்று வையுங்கள். ரொடோகுரோசைட்டில் குளிர்ந்த அமிலத்தை விட்டால் உடனே இப்படிப் பொங்காது. அதைச் சூடாக்க வேண்டும். இது பொங்கிய வேகம் எங்கள் ஊர்ச் சுண்ணாம்பின் வேகம்.

"அம்மா, உந்தக் கல்லுக்கு எப்பவாவது சுண்ணாம்பு அடிச்சனீங்களோ?"

"அடிக்காமலோ? நல்ல கேள்வி! ஒவ்வொரு வருசமும் கோயில் திருநாளுக்கு முன்னம் சிலுவை, அடிக்கல்லு எல்லாத்துக்கும் சேர்த்து வெள்ளை அடிக்கிறனாங்கள். அப்பப்பா காலத்திலை இருந்து."

அப்படியானால் இத்தனை வருடச் சுண்ணாம்பும் வெடிப்பு வெடிப்பாக உள்ளே இறங்கிக் கல்லாகியிருக்கிறது. நுரைத்தது அதுதான், கல் அல்ல. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் இல்லை. ஒரு சில்லை உடைத்து அமிலத்தில் போட்டேன். பொங்கி அடங்கும்வரை விட்டேன். கழுவி, துடைத்து, சேரின் கைலேஞ்சியிலேயே வைத்தேன்.

"சேர், இப்ப இரண்டு சொட்டு விட்டுக் காதைக் குடுங்கோ."

"என்ன விளையாட்டு உது?"

"காதைக் குடுங்கோ சேர்."

விட்டார். குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். அமிலம் தண்ணீர் மாதிரிக் கல்லில் கிடந்தது. நான் மேசைக் கத்தியை எடுத்துக் கல்லில் கீறினேன். கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டியது, கல்லில் கீறல் இல்லை. யன்னல் கண்ணாடித் துண்டில் கல்லால் இழுத்தேன். கண்ணாடி கிழிந்தது. காபனேற்று இந்த வேலை செய்யாது. இது சிலிக்கேற்று.

சேர் பிடிவாதக்காரர், ஆனால் கண்முன் கண்டதை மறுக்கமாட்டார். "சரி, ரொடோனைட். மங்கனீசுச் சிலிக்கேற்று. என்ரை பிழை. எழுதும்" என்றார். திரேசம்மாவிடம் திரும்பி, "நல்ல உரமான கல்லு அம்மா. சிலுவை என்ன, கோபுரமே கட்டலாம்" என்றார். நான் வெற்றிக்களிப்பில் நிற்கும்போது அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"பாத்தீரே, கத்தியும் அமிலமும் இருந்தால் காணும். நுணுக்குக்காட்டி எதுக்கு?"

நானே என் கையால் பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டேன்!

"இல்லை சேர். ரொடோனைட்டுக்கு ஒரு உடன்பிறப்பு இருக்கு, பைரொக்ஸ்மங்கைட். அதே நிறம், அதே பாரம், அதே மூலகங்கள். கத்தியும் சொல்லாது, அமிலமும் சொல்லாது."

"அது எங்கையோ அருமையாக் கிடைக்கிற சாமான். குருநகரிலையோ கிடக்கப்போகுது?"

"கிடக்கேல்லை எண்டு காட்டவும் நுணுக்குக்காட்டிதான் வேணும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "லொறி வந்து ஹோர்ன் அடிக்குமட்டும் அது உம்மடை. அதுக்குப் பிறகு பெட்டிக்குள்ளை."

வெளியே போகும்போது திரேசம்மா என் கையைப் பிடித்தார். "என்ன பிள்ளை, ஒரே சாமான் எண்டுறியள், இரண்டு பேர் எண்டுறியள்?" அவர் மடியில் வலை பின்னும் ஊசி இருந்தது. அதைக் காட்டியே சொன்னேன். சிலிக்கா என்பது ஒரு கண்ணி மாதிரி. இந்தக் கற்களில் அந்தக் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகப் போகும். சங்கிலி நேராகப் போகாது, இடையிடையே வளையும். ரொடோனைட்டில் ஐந்து கண்ணிக்கு ஒருமுறை அதே வளைவு திரும்பி வரும். பைரொக்ஸ்மங்கைட்டில் ஏழு கண்ணிக்கு ஒருமுறை. நூல் ஒன்று, கண்ணி ஒன்று, பின்னல்தான் வேறு. கல்லை வகைப்படுத்துகிறவர்களுக்கு அந்தப் பின்னல் வேறு என்றால் இனமே வேறு.

"அப்ப வலை வேறைதானே!" என்றார் திரேசம்மா. பரீட்சை எழுதிய என் வகுப்பில் பாதிப் பேருக்கு விளங்காத விசயம். "பேர் தெரிஞ்சால்தான் கட்டுவன். அதுவரைக்கும் சிலுவை சாய்ஞ்சு கிடக்கட்டும்."

எங்களிடம் கல் அறுக்கும் வாள் இல்லை. சில்லின் ஒரு பக்கத்தைக் கண்ணாடித் தட்டில் காபரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டுக் கையால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். அதைச் சூடாக்கிய கனடாப் பிசினால் கண்ணாடித் துண்டில் ஒட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்தை வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும், தலைமயிரை விட மெல்லிதாக வரும்வரை. முதலில் தேய்த்ததை விரல் கொஞ்சம் அழுத்திவிட்டது. தூக்கிப் பார்த்தேன், கண்ணாடி மட்டும் இருந்தது, கல்லைக் காணவில்லை! "கோதாரி!" என்று கத்தினேன். சனிக்கிழமை, கூடத்தில் ஒருவரும் இல்லை, நல்லகாலம்.

இரண்டாவதைப் பிள்ளைக்குத் தலைவாருவது மாதிரிப் பக்குவமாகத் தேய்த்தேன். கல்லுக்குள் ஆங்காங்கே படிகக்கல் மணிகள் இருந்தன. நுணுக்குக்காட்டியின் குறுக்கு ஒளியில் அந்த மணிகள் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிப்பு, சாம்பல் வெள்ளையாக வந்தால் சரியான மெல்லிசு. தேய்ப்பேன், கழுவுவேன், பார்ப்பேன். விரல் நுனித் தோல் போய்விட்டது. ஞாயிறு பின்னேரம் சாம்பல் வெள்ளை வந்தது.

திங்கள் காலை சேர் வருமுன்னரே நான் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்தேன். இனித்தான் முக்கியமான வேலை. சரியான பக்கம் பார்த்துக் கிடக்கும் றோசாக் கல்லின் மணி ஒன்றைத் தேடிப் பிடித்து, பெரிய வில்லையைப் போட்டு, கூம்பாக ஒளியைக் குவித்துப் பார்த்தால் வட்டத்துக்குள் கறுப்பாக ஒரு சிலுவை தெரியும். மேடையைத் திருப்பினால் அந்தச் சிலுவை இரண்டு கறுப்பு வளைவுகளாகப் பிரிந்து விலகும். ரொடோனைட் என்றால் ஒளியச்சுகளின் கோணம் பெரிது, இரண்டும் வட்டத்தை விட்டு வெளியே ஓடிவிடும். பைரொக்ஸ்மங்கைட் என்றால் கோணம் சிறிது, பிரிந்தாலும் வட்டத்துக்குள்ளேயே நிற்கும். ஓடுமா, நிற்குமா? என் உத்தியோகம், என் படிப்பு, என் மானம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

மணி மணியாகத் தேடினேன். ஒன்று சரிந்து கிடந்தது, ஒன்று வெடித்துக் கிடந்தது. சேர் வந்து தன் மேசையில் அமர்ந்தார். பெட்டி வாசலில் வாய் திறந்து கிடந்தது. கடைசியில் ஒரு மணி அகப்பட்டது. கறுப்புச் சிலுவை நட்ட நடுவில் வந்து நின்றது. மேடையைத் திருப்பினேன். சிலுவை பிரிந்தது. இரண்டு வளைவும் மெல்ல மெல்ல விளிம்பை நோக்கிப் போயின. போகாதே, போகாதே என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். சேர் பிறகு சொல்லித்தான் தெரியும். விளிம்புக்குக் கிட்டப் போய் இரண்டும் நின்றன. அப்பால் அசையவில்லை.

வாசலில் லொறி ஹோர்ன் அடித்தது.

"சேர், வாங்கோ!"

வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். மேடையைத் தன் கையாலேயே திருப்பினார். முழு வட்டம், திரும்ப ஒரு முழு வட்டம். வேறு மணி ஒன்றைத் தானே தேடிப் பிடித்து அதையும் திருப்பினார். லொறிக்காரன் இரண்டாம் தரம் ஹோர்ன் அடித்தான். சேர் நிமிர்ந்து, கைலேஞ்சியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆற அமர, இரண்டு வில்லையும் துடைத்தார்.

"லொறிக்காரனுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ" என்றார்.

நான் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினேன். அவர் என்னைப் பார்க்காதவர் போலத் தொலைபேசியைச் சுழற்றினார். கொழும்பில் இருந்த மேலதிகாரி மசியவில்லை என்பது இவர் முகத்தில் தெரிந்தது. கல் யாழ்ப்பாணத்துக் கல்லே இல்லையே, கப்பலில் வந்ததுதானே என்று கேட்டிருக்கிறார். அதற்கு சேர் ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, என்னிடம் தமிழில் சொன்னது இது. "கல்லு எங்கை பிறந்தால் என்ன, அதை ஆரெண்டு கண்டது இஞ்சை எண்டு சொல்லிப்போட்டன். எக்ஸ்கதிரிலை பார்த்துச் சரியெண்டு வந்தால் கருவி நிக்கும். பிழைச்சால் அடுத்த லொறியிலை கருவியும் போகும், நானும் போவன். என்ரை பேரிலைதான் சொல்லியிருக்கிறன்."

கல்லைப் பொடியாக்கித் தெற்கே எக்ஸ்கதிர்க் கருவி உள்ள இடத்துக்கு அனுப்பினோம். எக்ஸ்கதிர் அந்தப் பின்னலையே அளந்து சொல்லிவிடும். அந்த நாட்களில் தொலைபேசி மணி அடித்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம், எடுக்கமாட்டோம். ஒருநாள் சேர் எடுத்தார். "ம்... ம்..." என்று கேட்டார். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏழு, பிள்ளை! ஏழு!"

அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே குருநகருக்குப் போனேன். திரேசம்மா மீன் சந்தையில் நின்றார். சனத்துக்கு நடுவில் நின்று, "அம்மா, பைரொக்ஸ்மங்கைட்!" என்று கத்தினேன்.

"என்ன கைட்டு?"

"ஏழு கண்ணி, அம்மா!"

"நான் அண்டைக்கே சொன்னனான், வலை வேறையெண்டு!" என்று அவர் சந்தை முழுக்கக் கேட்கச் சொன்னார். மேசனை அங்கேயே பிடித்து நாலு வார்த்தை ஏசினார். எங்களுக்குக் கல்லில் ஒரு துண்டைத் தந்துவிட்டு மிச்சத்தின்மேல் சிலுவையைக் கட்டினார். இப்போதும் திருநாளுக்கு முன் அந்த வளவில் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்பார்கள். அந்தக் கல்லை மட்டும் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவி விடுவார்கள்.

சேர் அதன்பிறகு திருந்தினார் என்று நினைக்காதீர்கள். அமிலப் போத்தலை விடவேயில்லை. யார் வந்தாலும் கைலேஞ்சியை விரித்து, எங்கள் துண்டை வைத்து, இரண்டு சொட்டு விட்டு, வந்தவரின் தலையைப் பிடித்துக் குனியவைப்பார். "கேளுங்கோ. கேக்குதோ? கேக்காது! இது லேசுப்பட்ட கல்லில்லை." சில மாதம் கழித்து அதே லொறி, அதே சாரதி. "போனமுறை தேத்தண்ணியோடை அனுப்பினியள்" என்று சிரித்துக்கொண்டு பின்கதவைத் திறந்தான். உள்ளே கல் அறுக்கும் வாள்! கொழும்பிலிருந்து எங்களுக்கு! அதன்பிறகு மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் கல் எங்களிடம் வரத்தொடங்கியது. நான் ஓய்வுபெறும் நாள்வரை அந்த நுணுக்குக்காட்டியின் துணியைத் தூசு தட்ட வேண்டியிருக்கவில்லை, அதைப் போர்த்த நேரம் இருந்தால்தானே!

தர்ஷிகா, உன் புது மிஷினை நான் குறை சொல்லவில்லை. வந்து பார்க்கத்தான் போகிறேன். எங்கள் துண்டை அதன் முன்னால் வைத்துப் பார். மங்கனீசு, சிலிக்கன் என்று காட்டும். ஐந்தா ஏழா என்று கேள். முழிக்கும். அப்போது பக்கத்து மேசையில் இருக்கும் கிழவியை, அந்த நுணுக்குக்காட்டியை, எழுப்பு, அவள் சொல்லுவாள்.

சுவருக்கு வெள்ளை அடி, கதவுக்கு நீலம் அடி, உன் விருப்பம். பெட்டியைத் தொடாதே. அந்த எழுத்து இவ்வளவு காலமும் சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தது. அதை வாசல் பக்கம் திருப்பி வை. திறந்துவைக்க வருகிற பெரியவர்கள் கொழும்பிலிருந்துதானே வருகிறார்கள்? உள்ளே வரும்போதே வாசிக்கட்டும். பெட்டி ஏன் போகவில்லை என்று கேட்டால், என்னைக் கூப்பிடு, நான் முன்வரிசையில்தான் இருப்பேன்.